கறுப்பு ஆடுகளா... பட்டியே பழுதா? - காக்கிக்குள் ‘மாமூல்’ நுழையும் பாதை!

இரவு 11 மணி. மணலி எம்.எஃப்.எல் சந்திப்பைத் தாண்டினால், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சிவப்பு விளக்குகள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர்கள் இறங்கி டீ குடிக்கிறார்கள். சிலர் ஸ்டீயரிங்கிலேயே தலை சாய்த்துவிட்டார்கள். இங்கிருந்து ராயபுரம் ‘ஜீரோ கேட்’ அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால், நெரிசல் உச்சத்தில் இருந்த காலங்களில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகியிருக்கிறது.

நிற்கும் வண்டிக்கு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. இந்த அவசரம்தான் சாலையோரத்தில் ஒரு சந்தையை உருவாக்குகிறது. வரிசையைத் தாண்டி முன்னால் போக, நுழையக் கூடாத நேரத்தில் நுழைய, அதிக பாரத்தைக் கண்டும் காணாமல் விட... ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உண்டு என்று லாரித் தொழிலில் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லிவருகிறார்கள்.

இது வடசென்னைக்கு மட்டுமே உரிய கதை அல்ல. ‘சேவ் லைஃப்’ என்ற தன்னார்வ அமைப்பு 2020-ல் லாரி ஓட்டுநர்களின் நிலை குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டது. சென்னை உட்பட 10 போக்குவரத்து மையங்களில் 1,217 ஓட்டுநர்களிடம் பேசியிருந்தார்கள். கடைசியாகப் போன பயணத்தில் ஏதோ ஒரு துறைக்கு லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 82 சதவிகிதம். போக்குவரத்து அல்லது நெடுஞ்சாலை போலீஸுக்குக் கொடுத்ததாகச் சொன்னவர்கள் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு பயணத்துக்குச் சராசரியாக 1,257 ரூபாய். நாடு முழுவதும் கணக்குப் போட்டால், ஆண்டுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய்!

இதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர், ‘மாமூல்’. அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல் இது. பொருள் என்ன தெரியுமா? ‘வழக்கமானது’. கலவரம் ஓய்ந்தால், ‘மாமூல் நிலை திரும்பியது’ என்று எழுதுகிறோமே... அதே மாமூல்தான். லஞ்சம் என்றால் அதில் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. மாமூலில் அது இல்லை. பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் மாதா மாதம் கொடுப்பதுபோல, அது ஒரு வழக்கம். அவ்வளவுதான்!

ஒரு போலீஸ்காரர் லஞ்சம் வாங்கிப் பிடிபடும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். ‘எல்லாத் துறையிலும் ஒரு சில கறுப்பு ஆடுகள் இருக்கத்தான் செய்யும்’ என்பது அதிகாரிகளின் குரல். ‘எல்லாருமே அப்படித்தான்’ என்பது டீக்கடைக் குரல். முதல் குரல், துறையைக் காப்பாற்றிவிடுகிறது. இரண்டாவது குரல், பணம் வாங்கிய ஆளைக் காப்பாற்றிவிடுகிறது. இந்த இரண்டில் எது உண்மை என்பது வெறும் பட்டிமன்றத் தலைப்பு இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்?

டைரி சொன்ன கதை!

மணலிக்குப் பக்கத்து வட்டாரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013 மே மாதம் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றின் தயாரிப்பும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. ஆனால், பெட்டிக்கடைகளில் சரக்கு கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. பள்ளிக்கூட வாசல்கள் வரைக்கும் அது வந்தது.

2016 ஜூலையில், மாதவரம் - செங்குன்றம் பகுதியை மையமாகக் கொண்டு இயங்கிய ஒரு குட்கா தயாரிப்பு நிறுவனத்தின் இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. வரி ஏய்ப்பைத் தேடிப் போனவர்கள் கையில் கிடைத்தது ஒரு கணக்கு. யாருக்கு, எந்த மாதம், எவ்வளவு என்று எழுதிவைக்கப்பட்டிருந்த பட்டியல். சுமார் 40 கோடி ரூபாய் கைமாறியதாக அதில் இருந்தது என்று செய்திகள் வெளியாயின. வருமான வரித்துறை மாநில அரசுக்கு எழுதியது. மாதங்கள் ஓடின. தி.மு.க சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜெ.அன்பழகன் தொடர்ந்த வழக்கில், 2018 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி, அப்போது பதவியில் இருந்த சுகாதாரத்துறை அமைச்சர், டி.ஜி.பி, சென்னையின் முன்னாள் காவல் ஆணையர் ஆகியோரின் வீடுகள் உட்படப் பல இடங்களில் சி.பி.ஐ சோதனை நடத்தியது. பணியில் இருக்கும் டி.ஜி.பி ஒருவரின் வீட்டில் சி.பி.ஐ நுழைந்ததைத் தமிழகம் திகைப்போடு பார்த்தது. குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்கள் அதை மறுத்தார்கள். அந்தப் பட்டியலில் இருப்பது உண்மையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம்தான்.

ஆனால், அந்தக் கணக்கு எழுதப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் விதத்தை மட்டும் கவனியுங்கள். மனிதர்களின் பெயர்களைவிட, பதவிகளின் சுருக்கெழுத்துகளே அதில் முக்கியம். ஒரு நாற்காலியில் இருப்பவர் மாறலாம்; நாற்காலிக்கு ஒதுக்கிய தொகை மாறாது. ஒரு கறுப்பு ஆடு மட்டுமே பிரச்னை என்றால், அந்த ஆடு போனதும் கணக்கு முடிந்திருக்க வேண்டும். பதவிக்கென்று மாதத் தொகை எழுதப்படுகிறது என்றால், பணம் கொடுப்பவரின் பார்வையில் அங்கே இருப்பது ஆள் அல்ல, ஓர் ஏற்பாடு.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தது காவல்துறையின் உள் கண்காணிப்பு இல்லை. வேறொரு வேலையாகப் போன வருமான வரித்துறை!

170 ஆண்டுகளுக்கு முன்பே...

இப்போதைய காவல்துறை பிறப்பதற்குக் காரணமே, மெட்ராஸில் நடந்த ஒரு விசாரணைதான். 1854-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு புகார் எழுந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடிமக்கள் சித்ரவதை செய்யப்படுகிறார்கள் என்பதுதான் அது. உடனே மூன்று பேர் கொண்ட விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. ஊர் ஊராக மக்கள் நடந்தே வந்து புகார் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ பற்றியெல்லாம் 1855-ல் வெளியான அந்த அறிக்கை விரிவாகப் பேசியது.

அறிக்கை சுட்டிக்காட்டிய வேர் எது தெரியுமா? வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே தாசில்தாரின் கையில் இருந்தன. அவருக்குக் கீழே வேலை பார்த்த சேவகர்களுக்குச் சம்பளம் சொற்பம். மேலே இருந்து வசூலுக்கு நெருக்கடி. கீழே இருப்பவனைக் கண்காணிக்க ஆள் இல்லை. யாரை அந்த வேலையில் உட்காரவைத்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

விளைவாக, 1859-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த்துறையிலிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டது. சீர்திருத்தம் நடந்தது உண்மை. ஆனால், புதிய போலீஸ் மக்களுக்குப் பதில் சொல்லும்படி வடிவமைக்கப்படவில்லை. அரசுக்குப் பதில் சொல்லும்படிதான் வடிவமைக்கப்பட்டது. 1902-ல் ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையில் அமைக்கப்பட்ட அகில இந்தியப் போலீஸ் கமிஷன், மக்கள் இன்னமும் போலீஸை ஊழல் செய்பவர்களாகவும் ஒடுக்குபவர்களாகவும்தான் பார்க்கிறார்கள் என்று எழுதியது. சீருடை மாறியது, வழக்கம் மாறவில்லை.

புல் மேய்பவர்களும் இறைச்சி தின்பவர்களும்!

நியூயார்க் நகரத்திலும் இதே கேள்வி எழுந்தது. ஃபிராங்க் செர்பிகோ என்ற போலீஸ்காரர், சக காவலர்கள் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்குவதைப் பற்றி மேலதிகாரிகளிடம் திரும்பத் திரும்பப் புகார் சொன்னார். யாரும் கேட்கவில்லை. 1970-ல் விஷயம் ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் வெளியான பிறகுதான், விட்மன் நாப் தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது.

1972-ல் வெளியான நாப் குழு அறிக்கை, லஞ்சம் வாங்கும் போலீஸ்காரர்களை இரண்டாகப் பிரித்தது. தேடிப் போய் வேட்டையாடுபவர்கள், ‘இறைச்சி தின்பவர்கள்’. தாமாக வருவதை மட்டும் வாங்கிக்கொள்பவர்கள், ‘புல் மேய்பவர்கள்’. முதல் வகையினர் எண்ணிக்கையில் குறைவு. பெரிய செய்தியாவதும் அவர்கள்தான். ஆனால், ஆபத்தானவர்கள் இரண்டாவது வகையினர் என்றது அறிக்கை. நல்லவர்கள்போலத் தெரியும் பெரும் கூட்டம் புல் மேயும்போதுதான், லஞ்சம் கௌரவமான விஷயமாகிவிடுகிறது.

நம் ஊர் மாமூலுக்கு அங்கே ‘பேட்’ என்று பெயர். சூதாட்ட இடங்களிலிருந்து மாதா மாதம் வசூலித்து, சிவில் உடைப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் பங்கு போடுவார்கள். புதிதாக வந்த காவலருக்கு முதல் இரண்டு மாதங்கள் பங்கு கிடையாது. ‘இவர் நம்பகமானவரா’ என்று சோதிக்கும் காலம் அது. அப்படியென்றால் அவருக்கு நஷ்டமா? இல்லை. அவர் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போகும்போது இரண்டு மாதப் பங்கைக் கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள். எவ்வளவு நேர்மையான நிர்வாகம் பாருங்கள்!

‘அழுகிய ஆப்பிள் ஒன்றிரண்டுதான்’ என்று அதுவரை நியூயார்க் போலீஸ் சொல்லிவந்தது. அந்த வாதமே சீர்திருத்தத்துக்குப் பெரிய முட்டுக்கட்டை என்று நாப் குழு சொன்னது. ஆள் மட்டுமே தவறு என்று நம்பும் நிர்வாகம், அந்த ஆளை நீக்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

அப்படியானால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. அதே நியூயார்க்கில், அதே சம்பளத்தில், அதே பிரிவில்தான் செர்பிகோவும் இருந்தார். அவர் வாங்கவில்லை. 1971 பிப்ரவரியில் ஒரு போதைப்பொருள் சோதனையின்போது முகத்தில் குண்டு பாய்ந்து, சாவின் விளிம்புவரை போய் வந்தார். பிறகு விசாரணைக்குழுவின் முன் சாட்சியும் சொன்னார். நம் ஊரிலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ‘அவரு வாங்க மாட்டாரு’ என்று பெயர் எடுத்த ஒரு ஏட்டையாவது மக்கள் காட்டுவார்கள். பட்டி பழுது என்பதற்காக ஆடுகள் எல்லாம் ஒன்றாகிவிடாது.

எந்த மாதிரி ஆட்கள் அரசு வேலைக்கு வர விரும்புகிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. ரேமா ஹன்னா, ஷிங்-யீ வாங் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பெங்களூருக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பகடையைத் தனியாக 42 முறை உருட்டி, விழுந்த எண்களை மாணவர்களே எழுதிக்கொடுக்க வேண்டும். எண்ணுக்கு ஏற்பப் பணம். கூட்டி எழுதியவர்களிடம், அரசு வேலைமீதான ஆசை அதிகமாக இருந்தது. டென்மார்க்கில் இதேபோன்ற சோதனை நடந்தபோது முடிவு தலைகீழ். அங்கே நேர்மையாக எழுதியவர்கள்தான் அரசு வேலையை விரும்பினார்கள்.

இரண்டு நாட்டு இளைஞர்களும் பிறவியில் வேறு வேறு இல்லை. இங்கே அரசு வேலை என்றால் ‘மேல் வரும்படி’ உண்டு என்ற பேச்சு வீட்டுத் திண்ணையிலேயே காதில் விழுந்துவிடுகிறது. அந்தப் பேச்சு சிலரை இழுக்கிறது. சிலரைத் தள்ளி நிறுத்துகிறது. துறையின் பெயரே, உள்ளே வரும் ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

ஓர் இளைஞர்... முதல் ஆறு மாதங்கள்!

ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிராமத்துப் பையன். ஓட்டம், கயிறு ஏறுதல், எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறி, இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்கிறார். 18,200 ரூபாயில் தொடங்கும் அடிப்படைச் சம்பளம், படிகள் தனி. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். நேர்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஸ்டேஷனுக்குள் காலடி வைக்கிறார்.

முதல் மாதத்திலேயே, ஸ்டேஷன் நடப்பது அரசு கொடுக்கும் பணத்தில் மட்டும் இல்லை என்பது புரிகிறது. வண்டிக்கு டீசல், ஜெராக்ஸ், வெள்ளைத்தாள், கைதிக்குச் சாப்பாடு, ஆதரவற்ற பிணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாடகை... அரசு ஒதுக்கீடு போதாமல் போகும்போது, ‘எங்கேயாவது பார்த்துப் பண்ணு’ என்று ஒரு வார்த்தை வருகிறது. அந்த ‘எங்கேயாவது’ ஒரு கடைக்காரராக இருக்கும், ஒரு லாரி செட்டாக இருக்கும். ஸ்டேஷன் செலவுக்காக நீட்டிய கை, நாளைக்குச் சொந்தச் செலவுக்கும் நீளும்.

அடுத்த மாதம், பங்கு வருகிறது. வேண்டாம் என்கிறார். யாரும் திட்டவில்லை. ஆனால், டியூட்டி பட்டியலில் அவருக்கு மட்டும் தொடர்ந்து பந்தோபஸ்து வருகிறது. வெயிலில் சாலையோரம் நிற்கிறார். லீவு கேட்டால் கிடைப்பதில்லை. ‘உனக்கென்னப்பா, நீ உத்தமன்’ என்ற கிண்டல் வேறு. ஆறாவது மாதம் ஒரு தங்கச்சி கல்யாணம், ஓர் ஆஸ்பத்திரிச் செலவு... கை நீள்கிறது.

இவர் கறுப்பு ஆடா? வாங்கியது இவர் கைதான். சட்டத்தின் முன் இவர் குற்றவாளிதான். ஆனால், இந்தக் கையை நீளவைக்க ஒரு ஸ்டேஷனே ஆறு மாதம் உழைத்திருக்கிறது.

மேலே போனால் கதை இன்னும் கனமாகிறது. ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர், தென்னிந்தியாவின் பாசனத்துறைப் பொறியாளர்களைப் பற்றி 1982-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘வரும்படி’ உள்ள இடத்துக்கு மாற்றல் வாங்கப் பொறியாளர்கள் பணம் கொடுக்கிறார்கள். கொடுத்ததை விவசாயிகளிடமிருந்து எடுக்கிறார்கள். அதில் ஒரு பகுதி மறுபடியும் மேலே போகிறது. எந்தத் துறையாக இருந்தாலும், பணியிடம் விலைக்குப் போனால் நேர்மை கட்டுப்படியாகாது. கடன் வாங்கிக் கடை வைத்தவர், வியாபாரம் செய்யாமல் சும்மா உட்கார முடியுமா?

ராபர்ட் கிளிட்கார்ட் என்ற பொருளாதார நிபுணர் இதைப் பள்ளிக்கூடக் கணக்குபோலச் சொல்லிவைத்தார். ஒருவர் கையில் மட்டுமே இருக்கும் அதிகாரத்தோடு, இஷ்டம்போல முடிவெடுக்கும் சுதந்திரத்தைக் கூட்டுங்கள். பதில் சொல்லும் பொறுப்பைக் கழியுங்கள். மிஞ்சுவது ஊழல். நள்ளிரவில், ஆளரவமில்லாத திருப்பத்தில், ஒரு டிரெய்லரை நிறுத்தும் கையை நினைத்துப்பாருங்கள். வண்டியை விடுவதும் நிறுத்துவதும் அந்தக் கையில். ஏன் நிறுத்தினாய் என்று கேட்க யாருமில்லை. கணக்கு சரியாக வருகிறதா?

சம்பளத்தைக் கூட்டினால் போதுமா?

‘பாவம், சம்பளம் பத்தவில்லை. கூட்டிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை. ஆப்பிரிக்க நாடான கானாவில் 2010-ல் போலீஸ் சம்பளத்தை இரு மடங்காக்கினார்கள். நெடுந்தூர லாரிகளிடம் வசூல் குறைந்ததா என்று இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2,100-க்கும் மேற்பட்ட லாரிப் பயணங்களின் கணக்கு அவர்களிடம் இருந்தது. குறையவில்லை, சம்பளம் உயராத சுங்கத்துறையினரோடும், பக்கத்து நாட்டுப் போலீஸோடும் ஒப்பிட்டால், கானா போலீஸ் வாங்கிய தொகை உயர்ந்திருந்தது!

போலீஸ்காரருக்கு நல்ல சம்பளம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வயிற்றுக்கும் வாடகைக்கும் போதுமான சம்பளம் அவருடைய உரிமை. ஆனால், கண்காணிப்பும் மாற்றல் முறையும் அப்படியே இருக்கும்போது, சம்பளத்தை மட்டும் கூட்டினால் வழக்கம் மாறாது.

பஸ்ஸை நிறுத்திய ஊர்!

அப்படியென்றால், எங்கேயாவது மாறியிருக்கிறதா? ஹாங்காங்கில் மாறியது. 1960-களில் அங்கே தெருவோரக் கடையிலிருந்து தீயணைப்புத் துறைவரை எல்லாவற்றுக்கும் காசு. போலீஸுக்குள் புதிதாக வருபவர்களுக்கு ஒரு பாடம் சொல்லப்பட்டதாக விசாரணை அறிக்கை ஒன்று எழுதியது. லஞ்சம் என்பது ஒரு பஸ். விருப்பமிருந்தால் ஏறிக்கொள். விருப்பமில்லையா, பக்கத்திலேயே ஓடி வா. ஆனால், பஸ்ஸுக்கு முன்னால் மட்டும் நிற்காதே!

1973-ல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, கணக்குக் காட்ட முடியாத 43 லட்சம் ஹாங்காங் டாலர் சொத்து பற்றிய விசாரணையின் நடுவே இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதுவரை லஞ்ச ஒழிப்புப் பிரிவு போலீஸுக்குள்ளேயே இருந்தது. 1974 பிப்ரவரியில் அதைப் பிரித்து, கவர்னருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் தனி ஆணையம் அமைத்தார்கள். காட்பர் திரும்பக் கொண்டுவரப்பட்டு, சிறைக்குப் போனார்.

புதிய ஆணையம் ஆளைப் பிடிப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு துறையிலும் எந்த விதி, எந்தப் படிவம், எந்தக் காத்திருப்பு லஞ்சத்துக்கு வழி விடுகிறது என்று பார்த்து அடைத்தது. பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் போய்ப் பேசியது. சுலபமாக முடிந்துவிடவில்லை. 1977 அக்டோபரில் போலீஸ்காரர்களே ஆணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினார்கள். பழைய குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசு மன்னிப்பு அறிவிக்க வேண்டிவந்தது. ஆனாலும், பஸ் நின்றது. ஒரே தலைமுறையில், ஆசியாவின் நேர்மையான போலீஸ் படைகளில் ஒன்று என்ற பெயர் வந்தது.

நம் ஊரில் என்ன நிலை?

நம் ஊரில் கை நீட்டுபவரைப் பிடிக்க லஞ்ச ஒழிப்புத்துறை இருக்கிறது. 1964-ல் தொடங்கப்பட்டது. ரசாயனப் பவுடர் தடவிய ரூபாய் நோட்டைக் கொடுக்கவைத்து, வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால், தண்ணீர் ரோஜா நிறமாகும். நல்ல பொறிதான். ஆனால், அந்தப் பொறி ஒரு கையைத்தான் பிடிக்கும். மாதப் பட்டியலைப் பிடிக்காது. அந்தத் துறையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோரும் காவல்துறையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள்தான். நாளைக்கு அதே துறைக்குத் திரும்ப வேண்டியவர்கள்.

பட்டியைப் பழுதுபார்க்கவும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற டி.ஜி.பி பிரகாஷ் சிங் தொடர்ந்த வழக்கில், 2006 செப்டம்பர் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. ஸ்டேஷன் பொறுப்பாளர் முதல் டி.ஜி.பி வரை குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் பணி, மாற்றல்களை முடிவுசெய்ய அதிகாரிகள் வாரியம், போலீஸ்மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் ஆகியவை அதில் முக்கியமானவை. மாற்றல் பயம் போனால், மாற்றல் வியாபாரமும் போகும் என்பதுதான் கணக்கு.

தமிழ்நாடு 2013-ல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால், புகார் ஆணையத்தின் தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதிக்குப் பதில் உள்துறைச் செயலாளரையும், உறுப்பினர்களாக டி.ஜி.பி-யையும் ஏ.டி.ஜி.பி-யையும் அது வைத்தது. மாமியார்மீதான புகாரை மாமனாரிடமே கொடுக்கச் சொன்ன கதைதான்!

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2018-ல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், அபராதத்தை ரொக்கமாக வாங்குவதை நிறுத்தி, கார்டு மற்றும் ஆன்லைன் முறைக்கு மாறியது. 2021-ல் காவலர்களுக்கு வார விடுப்பு வழங்க அரசாணை வந்தது. ஆர்டர்லி முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டும் தொடர்வதை, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அதிகாரி வீட்டில் துணி துவைத்துக்கொண்டு நிற்கும் காவலருக்குச் சட்டத்தின்மீது என்ன மரியாதை வரும்? விடுப்பும் சுயமரியாதையும்கூட லஞ்ச ஒழிப்பு நடவடிக்கைதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி, லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஏழு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால், கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர், ஏழு நாள்களுக்குள் புகார் செய்தால் அவர்மீது குற்றமில்லை.

* கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத்துறையிடம் சொல்லிவிட்டு, அவர்கள் ஏற்பாட்டின்படி கொடுத்தாலும் குற்றமில்லை.

* அபராதம் என்றால் ரசீதோ, இ-சலானோ கேளுங்கள். ‘ரசீது வேண்டாம், பாதி கொடுங்க’ என்பது சலுகை இல்லை. பஸ்ஸுக்கான டிக்கெட்!

* ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் இப்போது 1,000 ரூபாய் அபராதம். 200 ரூபாயை நீட்டி 800 ரூபாயை மிச்சம் பிடிப்பவர், அந்த மாதப் பட்டியலுக்குத் தன் பங்கைச் செலுத்துகிறார்.

* உங்கள் வீட்டுப் பிள்ளை போலீஸ் வேலைக்குப் படிக்கிறாரா? ‘சம்பளம் கம்மிதான், ஆனா மேல் வரும்படி இருக்கு’ என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். பெங்களூருப் பகடை அங்கேதான் உருளத் தொடங்குகிறது.

கறுப்பு ஆட்டைப் பிடிக்க வேண்டும். பட்டியையும் பழுதுபார்க்க வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டால், பிடித்த ஆட்டின் இடத்தில் அடுத்த ஆடு நிற்கும்.

மணலியில் மணி 2. வரிசை கொஞ்சம் நகர்கிறது. டிரெய்லரின் உயரத்திலிருந்து டிரைவர் கீழே பார்க்கிறார். புகை, தூசு, கொசுவுக்கு நடுவே, கையில் விளக்குக் குச்சியோடு ஓர் இளம் காவலர் நிற்கிறார். இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. இரண்டு பேருக்கும் ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. டிரைவரின் சட்டைப் பையில் சில நோட்டுகள் தயாராக இருக்கலாம். அந்தக் காவலர் கை நீட்டாமல் வண்டியை அனுப்பிவிட்டால், மறுநாள் ஸ்டேஷனில் அவருக்கு என்ன நடக்கும்?

அந்தக் கேள்விக்கு, ‘ஒன்றும் நடக்காது’ என்று எல்லா ஸ்டேஷனிலும் பதில் வரும் நாளில்தான், மாமூல் என்ற சொல்லுக்கு அதன் பழைய அர்த்தம் மட்டும் மிஞ்சும்.